டோனர் பிளேட்லெட் சிகிச்சைக்குத் தலையாட்டும் முன்: பெங்களூரு தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முட்டித் தேய்மானத்துக்கு ஊசி, ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு ஜெல், வறண்ட கண்ணுக்குச் சொட்டு, கொட்டுகிற முடிக்கு இன்னொன்று என்று பிளேட்லெட்டை வைத்துச் செய்கிற சிகிச்சைகள் பெங்களூரில் இப்போது நிறைய வந்துவிட்டன. பெரும்பாலும் இது உங்கள் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றி, பிளேட்லெட் நிறைந்த பகுதியை மட்டும் பிரித்து உங்களுக்கே திருப்பிப் போடுகிற பிஆர்பி. ஆனால் "உங்க ரத்தம் எடுக்கவே வேண்டாம், டோனர் பிளேட்லெட் ரெடியா இருக்கு, ரிசல்ட் இன்னும் நல்லா இருக்கும்" என்று சொல்லும் இடங்களும் உண்டு. அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜிநகர் பக்கத்து நம்ம ஆட்கள் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி "அக்கா, இதைப் போட்டுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். அதற்காகத்தான் இது.

நான் டாக்டர் இல்லை. ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்தவள், பிளேட்லெட் பையைத் தினமும் கையாண்டவள். அதனால் உங்களுக்கு எந்தச் சிகிச்சை சரி என்று சொல்ல மாட்டேன், அது உங்கள் டாக்டரின் வேலை. அவரிடம் என்ன கேட்க வேண்டும், எந்தப் பதில் வந்தால் எழுந்து வந்துவிட வேண்டும் என்று சொல்ல முடியும். என் நிலைப்பாட்டையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: டோனர் பிளேட்லெட் என்ற யோசனை ஏமாற்று வேலை இல்லை, அதில் நல்ல அறிவியல் இருக்கிறது. ஆனால் அது உண்மையில் தேவைப்படுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், முறையாகத் தரக்கூடிய இடங்கள் அதைவிடக் குறைவு. கிளினிக்கில் என்ன மெஷின் இருக்கிறது என்பதைவிட, அந்தப் பை எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம்.

பிளேட்லெட்டுக்கும் புண் ஆறுவதற்கும் என்ன சம்பந்தம்

பிளேட்லெட் என்றதும் நமக்கு டெங்குதான் ஞாபகம் வரும், ரத்தக்கசிவை நிறுத்துகிற அணு. அதோடு அதன் வேலை முடிவதில்லை. எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்லிலிருந்து துண்டு துண்டாகப் பிரிந்து வருகிற, உட்கரு இல்லாத இந்தச் சிறு அணுக்குள் ஆல்ஃபா துகள்கள் என்று சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் பிடிஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா, விஇஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள். காயம் பட்ட இடத்தில் பிளேட்லெட் ஒட்டிக்கொண்டு வெடிக்கும்போது இவை வெளியே கொட்டி, புது ரத்தக் குழாய் முளைக்கவும் பழுது பார்க்கிற செல்கள் அங்கே வரவும் ஆள் அனுப்புகிற மாதிரி வேலை செய்கின்றன. 1998-ல் அமெரிக்காவில் ராபர்ட் மார்க்ஸ் குழுவினர் தாடை எலும்பை ஒட்டுப்போட்டுச் சரிசெய்யும்போது பிஆர்பி சேர்த்துப் பார்த்ததை வெளியிட்ட பிறகுதான் இது பல்லிலிருந்து மூட்டு, தோல், கண் என்று பரவியது.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். டெங்கு நோயாளிக்கு ஏற்றும் பிளேட்லெட் உயிரோடு இருக்க வேண்டும், ரத்தத்தில் சில நாள் சுற்ற வேண்டும். புண்ணுக்கோ மூட்டுக்கோ அது தேவையில்லை, உள்ளே இருக்கிற சரக்கு வெளியே வந்தால் போதும். டோனர் பிளேட்லெட்டை உறைய வைத்து, உடைத்து, பொடியாக்கிக்கூடப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வந்ததே இதனால்தான்.

முதல் படி: உங்களிடம் விற்கப்படுவது எது என்று கண்டுபிடியுங்கள்

எல்லாவற்றையும் "பிளேட்லெட் ஊசி" என்றுதான் சொல்வார்கள். உள்ளே நாலு வேறு விஷயங்கள் இருக்கலாம்.

உங்கள் கையிலிருந்து ரத்தம் எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அன்றைக்கே போட்டால் அது சொந்த பிஆர்பி. ஜிஎஃப்சி என்று சொல்வதும் அநேகமாக உங்கள் ரத்தத்திலிருந்துதான், வளர்ச்சிக் காரணிகளை மட்டும் பிரிப்பதாகச் சொல்லும் ஒரு கிட்.

ரத்தமே எடுக்கவில்லை என்றால் மூன்று வழிதான். ஒன்று, ரத்த வங்கியிலிருந்து வந்த புது டோனர் பிளேட்லெட். இரண்டாவது பிளேட்லெட் லைசேட், அதாவது பிளேட்லெட்டை மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்து, 37 டிகிரியில் உருக்கி, இப்படி இரண்டு மூன்று முறை செய்து அணுக்களை உடைத்து, சக்கையைச் சுற்றி எடுத்து வடிகட்டிய திரவம். செல் வளர்க்கும் ஆய்வகங்களில் கன்றுக்குட்டிக் கருவின் சீரத்துக்குப் பதிலாக இதைப் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலும் நாள் கடந்துபோன பைகளிலிருந்தும், பல டோனர்களின் பைகளை ஒன்றாகக் கலந்தும் தயாரிப்பார்கள். கலப்பதால் ஒரு பேட்சுக்கும் அடுத்த பேட்சுக்கும் வித்தியாசம் குறையும், ஆனால் ஒரு ஊசிக்குள் பல பேருடைய ரத்தம் வருகிறது என்பதும் உண்மை. மூன்றாவது, ஸ்டெம் செல், எக்ஸோசோம் என்று வேறு எதையோ பிளேட்லெட் பெயரில் தருவது. அது இந்தக் கட்டுரையின் விஷயமே இல்லை, அதன் சட்டமும் வேறு. ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையைத் தாண்டிய எதையும் ஆராய்ச்சியாகத்தான் செய்ய வேண்டும் என்று ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி எளிது: "டாக்டர், இது யாருடைய பிளேட்லெட்? புதுசா, உறைய வைத்ததா, பொடியா? எந்த பிளட் சென்டர், எந்த கம்பெனி?" இதற்கு நேரான பதில் வராவிட்டால் அடுத்த படிக்குப் போக வேண்டிய வேலையே இல்லை.

இரண்டாவது படி: உங்களுக்கு டோனர் தேவையா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் சோதனையின் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பிளேட்லெட் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சத்துக்குள் இருக்கிறது, ஹீமோகுளோபின் பரவாயில்லை என்றால், உங்கள் சொந்த ரத்தத்திலிருந்தே மூன்று முதல் ஐந்து மடங்கு செறிவுள்ள பிஆர்பி எடுக்கலாம். அதில் வேறு ஆளின் தொற்று வராது, வேறு ஆளின் ஆன்டிஜன் (உடம்பு அந்நியம் என்று எதிர்க்கிற பொருள்) வராது. அதைவிட்டு டோனர் பக்கம் போவதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

நியாயமான காரணங்கள்: பிளேட்லெட் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழ், அல்லது பிளேட்லெட்டின் வேலையிலேயே குறைபாடு. ரத்தசோகை அதிகம், எடுக்க ரத்தம் இல்லை. வயதானவர், நரம்பே கிடைக்காதவர், குழந்தை. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கு ஆறாத கண் புண். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரே மாதிரி தரமுள்ள, முன்கூட்டியே தயாரித்த டோனர் பொருள் கைகொடுக்கலாம்.

நியாயமில்லாத காரணம்: "உங்களுக்கு வயசாயிடுச்சு, உங்க பிளேட்லெட்டும் வயசானது, இருபது வயசுப் பையனோட பிளேட்லெட் போட்டா மூட்டு இளமையாயிடும்." இதைக் கேட்டால் சிரித்துவிட்டு வாருங்கள். பிளேட்லெட்டின் ஆயுள் யாருக்குமே ஏழு முதல் பத்து நாள்தான், எழுபது வயசுத் தாத்தாவின் உடம்பிலும் பிளேட்லெட் போன வாரம் பிறந்ததுதான். டோனரின் வயதைப் பொறுத்து காரணிகளின் அளவு மாறுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது, அது வேறு. அதைக் காட்டி விலை ஏற்றுவது வேறு.

புற்றுநோய் இருக்கிற இடத்திலோ, அந்தப் பக்கம் தொற்று இருக்கும்போதோ, சொந்தமோ டோனரோ, பொதுவாகப் போட மாட்டார்கள். வளர்ச்சிக் காரணி நல்ல செல், கெட்ட செல் என்று பார்த்து வேலை செய்யாது.

மூன்றாவது படி: உங்கள் வியாதிக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று பாருங்கள்

முட்டியைப் பற்றி நிறையப் பேர் கேட்பதால் அதையே முதலில். பிஆர்பி, ஹயலூரானிக் அமில ஊசியைவிட ஆறு மாதம், ஒரு வருடம் வரை வலியைக் குறைப்பதாகப் பல சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் 2021-ல் ஜாமா இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு வேறு மாதிரி. ஐம்பது வயதுக்கு மேல், லேசானது முதல் நடுத்தரம் வரை முட்டித் தேய்மானம் உள்ள 288 பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசி. பாதிப் பேருக்கு பிஆர்பி, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வலியிலும் சரி, குருத்தெலும்பின் அளவிலும் சரி, சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. இதை மறுத்துப் பேசுகிறவர்கள், அதில் பயன்படுத்திய பிஆர்பியில் பிளேட்லெட் செறிவு குறைவு என்கிறார்கள். அந்த விவாதம் முடியவில்லை. இது எல்லாமே சொந்த ரத்த பிஆர்பி பற்றியது என்பதை மறந்துவிடாதீர்கள். சொந்த ரத்தத்துக்கே கேள்வி இருக்கும்போது, டோனர் பிளேட்லெட் போட்டால் "குருத்தெலும்பு திரும்ப வளரும்" என்று யாராவது எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னால், அந்த நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

தோள்பட்டைக்கு டோனர் பிளேட்லெட்டையே நேராகச் சோதித்த சின்ன ஆய்வு ஒன்று தென் கொரியாவில் நடந்திருக்கிறது. ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு மாதத்தில் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை, ஆறு மாதத்தில் சில அளவுகோல்களில் பிளேட்லெட் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. நம்பிக்கை தருகிற விஷயம்தான், ஆனால் சின்ன ஆய்வு.

ஆறாத புண், கண் இரண்டுக்கும்தான் எனக்கு டோனர் பொருளின் மேல் மரியாதை அதிகம். இத்தாலியில் தொப்புள்கொடி ரத்தத்தின் பிளேட்லெட்டில் ஜெல் செய்து சர்க்கரைப் புண்ணுக்குப் போடுகிற வேலை பல வருடமாக நடக்கிறது. மேலே தடவுகிற பொருள் என்பதால் உள்ளே செலுத்துவதைவிட ஆபத்தும் குறைவு. ஆனாலும் சர்க்கரைக் கட்டுப்பாடு, செத்த சதையை எடுப்பது, காலுக்குப் பாரம் போகாத செருப்பு, ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று டாப்ளர் பார்ப்பது, இந்த நாலும் இல்லாமல் எந்த ஜெல்லும் வேலை செய்யாது. இதைச் செய்யாமல் நேரே ஜெல்லுக்குப் போகிற இடம் நல்ல இடம் இல்லை. கண்ணில், கருவிழி மேல்தோல் ஆறாமல் நிற்கும்போதும் கடுமையான வறட்சியிலும் சொந்த சீரம் சொட்டு போடுவது பழைய பழக்கம். அதற்கு ரத்தம் கொடுக்க முடியாதவர்களுக்கு டோனர் சீரம் அல்லது பிளேட்லெட் லைசேட் சொட்டு. பெரிய கண் மருத்துவமனை, அதுவும் கருவிழி நிபுணர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

முடிக்கு டோனர் பிளேட்லெட்? வேண்டாம். அழகுக்காகச் செய்கிற ஒன்றுக்கு அடுத்தவர் ரத்தத்தின் ஆபத்தை எடுத்துக்கொள்ளக் காரணமே இல்லை.

நான்காவது படி: பையைப் பற்றிக் கேளுங்கள்

எனக்கு நன்றாகத் தெரிந்த பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டுவேன்.

பிளேட்லெட் பை இரண்டு வகை. ஒருவர் கொடுத்த முழு ரத்தத்திலிருந்து பிரித்தது ஆர்டிபி, 50 முதல் 70 மில்லி இருக்கும். மெஷினில் படுக்க வைத்து பிளேட்லெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை டோனருக்கே திருப்பி விடுவது எஸ்டிபி, 200 முதல் 300 மில்லி, சுமாராக ஆறு ஆர்டிபிக்குச் சமம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: நல்ல ஆர்டிபி பையில் 5,500 கோடி பிளேட்லெட், அதை 60 மில்லியால் வகுத்தால் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல் வரும். பிஆர்பிக்கு நல்ல செறிவு என்று பலர் சொல்வது பத்து லட்சம். அதாவது ரத்த வங்கியில் இருந்து வருகிற சாதாரணப் பையே ஏறக்குறைய பிஆர்பி செறிவில்தான் இருக்கிறது. "எங்களோட ஸ்பெஷல் டெக்னாலஜில செறிவூட்டிய டோனர் பிளேட்லெட்" என்று பில் போட்டால், அந்த ஸ்பெஷலுக்கு எவ்வளவு, பைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்கலாம்.

முட்டிக்குத் தேவை சில மில்லிதான். அப்படியானால் ஒரு பையை எத்தனை பேருக்குப் பிரிக்கிறார்கள்? இங்கேதான் பெரிய ஆபத்து. பிளேட்லெட்டை 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்கிற தட்டில், ஐந்து நாள் வரை வைப்போம். அந்த வெப்பத்தில் பாக்டீரியாவும் சந்தோஷமாக வளரும், ரத்தப் பொருட்களிலேயே பாக்டீரியா தொற்று ஆபத்து அதிகமுள்ளது பிளேட்லெட்தான். மூடிய பையாக இருக்கும் வரைதான் அந்த ஐந்து நாள் கணக்கு. ஊசி குத்தித் திறந்துவிட்டால் சில மணி நேரத்தில் பயன்படுத்தியாக வேண்டும். ஒரு பையைத் திறந்து, ஃபிரிட்ஜில் வைத்து, திங்கள்கிழமை ஒருவருக்கு, புதன்கிழமை இன்னொருவருக்கு என்று கொடுக்கிற இடம் எங்கே இருந்தாலும், அங்கே போகாதீர்கள். "இந்தப் பையை இன்றைக்கு யார், எப்போது, எங்கே திறந்தார்கள்?" என்பது அதிகப்பிரசங்கித்தனமான கேள்வி இல்லை.

லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். பிளட் சென்டரின் பெயர், லைசென்ஸ் எண், பை எண், ரத்த வகை, எடுத்த தேதி, காலாவதி தேதி, ஐந்து கட்டாயப் பரிசோதனைகளின் முடிவு: எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா. இதற்கு மேல், கிருமியின் மரபணுவையே நேராகத் தேடுகிற நாட் (NAT) சோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், நாடு முழுக்க அது கட்டாயம் இல்லை, ஆனால் பெங்களூரில் பல சென்டர்கள் செய்கின்றன. தொற்று வந்த புதிதில் சாதாரணச் சோதனையில் தெரியாமல் போகிற நாட்களை அது குறைக்கும், முழுசாக நீக்காது. பை புதுசாக இருந்தால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து லேசாக ஆட்டினால் உள்ளே பட்டு மாதிரி ஒரு சுழி ஓடும், நாங்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். கலங்கலாக, கட்டி கட்டியாக இருந்தால் அந்தப் பை வேண்டாம்.

சட்டப்படி நம் நாட்டில் ரத்தம் ஒரு மருந்து. 1940-ஆம் வருட மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் வாங்கிய பிளட் சென்டர்தான் டோனர் ரத்தத்தை எடுக்கவும் பிரிக்கவும் முடியும். ஸ்கின் கிளினிக்கின் பின்னறையில் டோனரைப் படுக்க வைத்து ரத்தம் எடுத்தால் அது நேரடியான சட்டமீறல். காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1998 ஜனவரி 1 முதல் தடை. "டோனருக்கு இவ்வளவு கொடுக்கணும்" என்று யாராவது கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

"வெளி ஆள் எதுக்கு, என் பையன் கொடுக்கட்டும்" என்று அம்மாக்கள் சொல்வார்கள். பாசம் புரிகிறது, ஆனால் ரத்த ஏற்றத்தில் நெருங்கிய சொந்தத்தின் ரத்தம் உண்மையில் கூடுதல் கவனம் தேவைப்படுவது. அவர்களின் வெள்ளையணுக்கள் உங்கள் உடம்பில் அந்நியமாகத் தெரியாமல் தங்கி உங்களையே தாக்க வாய்ப்பிருக்கிறது என்பதால், கதிர்வீச்சு செய்துதான் கொடுப்போம். மகன் என்பதால் பாதுகாப்பு கூடிவிடாது.

ஐந்தாவது படி: பொருத்தம்

பிளேட்லெட்டின் மேல் ஏபிஓ வகையும் இருக்கிறது, எச்எல்ஏ என்ற அடையாளமும் இருக்கிறது. ஏபிஓ பொருந்த வேண்டும் என்று கேட்பது சரியான கோரிக்கை. எச்எல்ஏ பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன்: அடுத்தவர் பிளேட்லெட்டும் வெள்ளையணுவும் உள்ளே போனால் உங்கள் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கலாம். அப்புறம் என்றைக்காவது உங்களுக்கு நிஜமாகவே பிளேட்லெட் ஏற்ற வேண்டி வந்தால் ஏறாமல் போகலாம், சிறுநீரக மாற்றுக்காகக் காத்திருப்பவருக்குப் பொருத்தமான உறுப்பு கிடைப்பது கஷ்டமாகலாம். டயாலிசிஸில் இருப்பவர் முட்டி வலிக்காக இதைப் போட்டுக்கொள்ளும் முன் நெஃப்ராலஜிஸ்ட்டிடம் பேசியே ஆக வேண்டும்.

இதைக் குறைக்க வெள்ளையணுவை வடிகட்டுகிற ஃபில்டர் போட்ட பை. 25 கிரே (கதிர்வீச்சின் அளவு) கதிர்வீச்சு கொடுப்பது இதற்கில்லை, டோனரின் வெள்ளையணு உங்களையே தாக்கும் என்று மேலே சொன்னேனே, அந்த ஆபத்துக்குத்தான். ஆர்எச் நெகட்டிவ் பெண்கள், குழந்தை பெறும் வயதில் இருந்தால், இன்னொரு கவனம்: பிளேட்லெட்டில் ஆர்எச் கிடையாது, ஆனால் பையில் சொட்டாகச் சிவப்பணு கலந்திருக்கும், பாசிட்டிவ் டோனராக இருந்தால் அதுவே பிரச்சினை ஆகலாம். நன்றாக வடிகட்டிய லைசேட்டில் அணுக்களின் சவ்வு பெரும்பாலும் நீங்கிவிடுவதால் இந்தக் கவலை குறைவு, அதன் பலம் அதுதான்.

ஆறாவது படி: எந்த அனுமதியில் செய்கிறார்கள்

பிளேட்லெட் பை இருப்பது ரத்தக்கசிவை நிறுத்தவும் தடுக்கவும். அதை மூட்டுக்குள் போடுவது அதன் வழக்கமான உபயோகம் இல்லை. எனவே நியாயமான இடம் இதை ஆராய்ச்சி என்று சொல்லும், எதிக்ஸ் கமிட்டி ஒப்புதலைக் காட்டும், சிடிஆர்ஐ என்ற, இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கொடுக்கும். சிடிஆர்ஐ என்று ஆரம்பித்து, வருடம், மாதம், ஒரு எண் என்று வரும். அதன் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் யார், எங்கே, எத்தனை பேருக்கு என்று எல்லாம் தெரியும். 2009 ஜூனிலிருந்து மருந்துச் சோதனைகளுக்கு அந்தப் பதிவு கட்டாயம்.

ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டு உங்களிடமே காசு கேட்டால்? ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைப்படி ஆராய்ச்சிக்கான செலவை, பங்கேற்பவரின் தலையில் கட்டக் கூடாது. 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி நடக்கிற சோதனையில் பாதிப்பு வந்தால் மருத்துவச் செலவும் இழப்பீடும் உண்டு. "ரிசர்ச் பேக்கேஜ், முப்பது பர்சென்ட் டிஸ்கவுன்ட்" என்பதெல்லாம் விளம்பரம்.

டோனரிடமிருந்து வந்த பொருளை முறையாக மருந்தாக்கவே முடியாதா என்றால், முடியும். நம்ம ஊரிலேயே ஸ்டெம்பியூட்டிக்ஸ் என்ற நிறுவனம் டோனர்களின் மஜ்ஜைச் செல்லிலிருந்து செய்த பொருளுக்கு, சோதனைகள் நடத்தி, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் வாங்கியது, 2022-ல் முட்டித் தேய்மானத்துக்கும் கிடைத்தது. அது பிளேட்லெட் இல்லை, அதற்குச் சிபாரிசும் செய்யவில்லை. வழி இருக்கிறது, அந்த வழியில் போக வருடங்கள் ஆகும் என்று காட்டத்தான் சொன்னேன். பின்னறையில் கலந்து கொடுப்பவர் அந்த வருடங்களைத் தாண்டிக் குதிக்கிறார்.

கர்நாடகத்தில் எந்தத் தனியார் கிளினிக்கும் கேபிஎம்இ, அதாவது மாநிலத்தின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், சான்றிதழையும் கட்டணத்தையும் தெரிகிற மாதிரி மாட்டியிருக்க வேண்டும். உள்ளே நுழையும்போதே சுவரைப் பாருங்கள். ஒப்புதல் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருக்கும். படிக்க வராத பாட்டியிடம் "இங்கே கையெழுத்து போடுங்க" என்று நீட்டினால் விடாதீர்கள். சோதனையில் சேருகிறவருக்குப் புரிகிற மொழியில் விளக்கியாக வேண்டும் என்பது விதி, தமிழில் சொல்லச் சொல்லலாம், வீட்டுக்கு எடுத்துப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்றும் சொல்லலாம்.

ஏழாவது படி: பில்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ரத்தத்துக்கு விலை கிடையாது, பதப்படுத்தும் கட்டணம் மட்டும்தான், 2023 டிசம்பர் கடைசியில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைத் திரும்பவும் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. பையின் கட்டண ரசீது பிளட் சென்டர் பெயரில் தனியாக வர வேண்டும். மீதி டாக்டர், ஸ்கேன், ஊசி என்று தனித்தனி வரி. ஒரே வரியில் "பேக்கேஜ்" என்று இருந்தால் பிரித்துக் கேளுங்கள். இன்சூரன்ஸ் தருமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிட்டுப் போங்கள், வாய்வார்த்தை போதாது.

எட்டாவது படி: ஊசி போடுகிற நாள்

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் யார் பேச்சையும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் முக்கியமாக. இதய டாக்டர் சொன்னால் மட்டும். சொந்த பிஆர்பி என்றால் வலி மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், பிளேட்லெட்டின் வேலையை அவை மந்தமாக்கும் என்பதால். டோனர் பிளேட்லெட் என்றால் அந்தக் கவனிப்பு டோனரிடம் நடந்திருக்க வேண்டும், ஆஸ்பிரின் போட்டவரை மூன்று நாள் வரை பிளேட்லெட் கொடுக்க விட மாட்டோம். உங்கள் மாத்திரையைப் பற்றிய கவலை அப்போது, குத்திய இடத்தில் ரத்தம் கசியுமா என்பதற்காகத்தான்.

அறையில் பாருங்கள்: பை எண்ணும் உங்கள் பெயரும் இருவர் சத்தமாகச் சொல்லிச் சரிபார்க்கிறார்களா, கையுறை, தோல் சுத்தம், தோள்பட்டை போன்ற இடங்களுக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுகிறார்களா. சிலர் கால்சியம் குளோரைடு சேர்த்துத் தூண்டிவிட்டுப் போடுவார்கள், சிலர் அப்படியே போடுவார்கள், இரண்டும் உண்டு. பிளாஸ்மாவில் அடுத்தவர் புரதங்கள் இருப்பதால் அலர்ஜி வரலாம், முடிந்ததும் குறைந்தது அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கடுமையான அலர்ஜிக்குப் போடுகிற அட்ரினலின் ஊசி வைத்திருக்கிறீர்களா என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

அதற்குப் பிறகு

இரண்டு மூன்று நாள் வலியும் கொஞ்சம் வீக்கமும் சகஜம், பாராசிட்டமால் போதும் என்பார்கள். மூட்டு சிவந்து சுடுகிறது, காய்ச்சல் குளிரோடு வருகிறது, மடக்கவே முடியவில்லை என்றால் அன்றைக்கே எமர்ஜென்சி, காலையில் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் சில நாளிலேயே குருத்தெலும்பு கெட்டுவிடும். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுப்பு வந்தாலும் அப்படியே.

பை எண், பிளட் சென்டர் பெயர், தேதி மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த டோனருக்கு ஏதாவது தொற்று தெரியவந்தால் உங்களைத் தேடிப் பிடிக்க அந்த எண்தான் வழி. ரத்தப் பொருட்களால் வரும் பாதிப்புகளைப் பதிவுசெய்ய 2012 டிசம்பரில் தொடங்கிய ஹீமோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறது, நொய்டாவில் இருக்கிற தேசிய உயிரியல் நிறுவனம் நடத்துகிறது. பாதிப்பு வந்தால் பிளட் சென்டருக்குத் தெரியப்படுத்தச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அடுத்தவர் ரத்தப் பொருள் வாங்கியவர் அடுத்த முறை ரத்த தானம் செய்யப் போனால் அதைச் சொல்ல வேண்டும், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களை ஒரு வருடம் தள்ளிவைப்பது வழக்கம்.

டோனராக உங்களைக் கூப்பிட்டால்

இது தனி விஷயம், ஆனால் நம்ம குரூப்களில் "எஸ்டிபி டோனர் தேவை, அவசரம்" என்று வருகிற மெசேஜ்களால் சொல்கிறேன். எஸ்டிபி கொடுக்க 18 வயது முடிந்திருக்க வேண்டும், எடை 50 கிலோவுக்கு மேல், பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல், ஹீமோகுளோபின் 12.5. மெஷினில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், உதடு மரத்த மாதிரி இருந்தால் சொல்லுங்கள், ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கிற சிட்ரேட்டால் கால்சியம் இறங்குவதால் வருவது, கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள். 48 மணி நேரத்தில் பிளேட்லெட் திரும்ப ஊறிவிடும், வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் எடுக்க மாட்டார்கள், வருடத்துக்கு 24 வரைதான்.

மழைக்காலத்தில் பெங்களூரில் டெங்கு ஏறும்போது (2024-ல் மாநில அரசு இதைக் கொள்ளைநோய் என்றே அறிவித்தது) வார்டுகளில் பைக்கு அலைவார்கள். கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையில் கீமோ வாங்குகிற குழந்தைகளுக்கு மழை, வெயில் என்று இல்லாமல் எப்போதும் தேவை. அந்த நேரத்தில் ஒரு புதுப் பை முட்டி ஊசிக்குப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. காலாவதி தாண்டிய பையை லைசேட் ஆக்குவதில் முழு உடன்பாடு உண்டு, தூக்கிப் போட வேண்டியது உதவுகிறது. யாராவது ஆஸ்பத்திரிப் பெயரோ வார்டோ சொல்லாமல் டோனர் கேட்டால், நோயாளிக்கு என்ன வியாதி, எந்த பிளட் சென்டரில் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள், அந்த சென்டருக்கே போன் செய்து அப்படி ஒரு தேவை பதிவாகியிருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, வண்டியை எடுங்கள்.